ஒரு பவுண்டு தானியமும் ஒரு முட்டையும்

உழைக்கும் ஒருவர் மறுநாளும் எழுந்து வேலைக்கு வர எவ்வளவு உணவு போதும்? பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு இக்கேள்வி புதியதன்று. 1877-ஆம் ஆண்டு, தாது வருடப் பஞ்சத்தின் நடுவே, இரண்டு ஆங்கில அதிகாரிகள் இதைப் பற்றி எழுத்தில் மோதிக்கொண்டனர். 2021 டிசம்பரில் அதே மண்ணில், கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டை முன்னிட்டுச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். இரண்டுக்கும் இடையே 144 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஏழைக்கேற்ற மலிவான புரதம் எது என்ற தேடல் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும், மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்திலும், ஐக்கிய நாடுகள் சபையிலும் நடந்தது. கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் சாப்பாட்டுத் தட்டைப் புரிந்துகொள்ள அந்தத் தேடலின் கதை உதவும் என்று கருதுகிறோம்.

*

1876-இல் பருவமழை பொய்த்தது. பஞ்சம் 1878 வரை நீடித்துச் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. தமிழில் அதன் சுவடு வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசத்தில் பதிந்திருப்பதை இலக்கிய வாசகர்கள் அறிவர். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு அரசு சாலையும் கால்வாயும் வெட்டும் வேலை கொடுத்துக் கூலி தந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான்.

அந்தக் கூலி எவ்வளவு என்பதில்தான் சண்டை மூண்டது. வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்தவர் ரிச்சர்ட் டெம்பிள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவிட்டு மக்களைக் காப்பாற்றியதற்காக மேலிடத்தின் ஏச்சை வாங்கிக்கொண்டவர். இம்முறை சிக்கனத்தில் உறுதியாக இருந்தார். ஆணுக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதோடு ஒரு சிறு தொகையும் போதும் என்றார். பெண்ணுக்கும் சிறாருக்கும் அதனினும் குறைவு. ‘டெம்பிள் கூலி’ என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுவே.

ஒரு பவுண்டு அரிசி என்பது ஏறத்தாழ 450 கிராம். இன்றைய கணக்குப்படி அதில் சுமார் 1,600 கலோரியும் முப்பத்தைந்து கிராமுக்கு உட்பட்ட புரதமும் இருக்கும். வீட்டில் சும்மா இருப்பவருக்கே இது பற்றாக்குறை. மண்வெட்டி பிடிப்பவருக்குக் கேட்கவே வேண்டாம்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்தார். மாகாண மக்களின் உணவை அவர் 1860-களிலேயே ஆராய்ந்தவர். சிறைச்சாலைகளில் உணவைக் குறைத்தபோதெல்லாம் மரணம் கூடிய அனுபவம் மருத்துவத் துறையிடம் இருந்தது. வெறும் அரிசியைத் தின்று கூலிவேலை செய்யும் சாதி எதுவும் இங்கே கிடையாது, அவர்கள் சோற்றோடு பருப்போ மீனோ மோரோ சேர்த்துக்கொள்கிறார்கள், அதை நீக்கிவிட்டுத் தானியத்தை மட்டும் கணக்கிடுவது கொலைக்கு ஒப்பு என்பது அவர் வாதத்தின் சாரம். ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். அன்றைய மொழியில் ‘நைட்ரஜன் சார்ந்த உணவு’ என்று அவர்கள் சொன்னதையே நாம் இன்று புரதம் என்கிறோம். இருவரின் வாதங்களும் அச்சேறின. அவ்வாண்டிலேயே மாகாண அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் நிவாரண முகாம்களில் எத்தனையோ பேர் ஓய்ந்துவிட்டிருந்தனர்.

இங்கே ஒரு விநோதம் உண்டு. தசை உழைக்கும்போது புரதமே எரிகிறது என்ற ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக்கின் கொள்கை அக்கால மருத்துவர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. 1865-இலேயே ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இருவர் புரதமற்ற உணவை உண்டு சுவிட்சர்லாந்தின் ஃபௌல்ஹார்ன் மலையில் ஏறி, உழைப்புக்கான எரிபொருள் புரதம் அன்று என்று காட்டிவிட்டனர். கொள்கை சரிந்தது. ஆனால் கார்னிஷ் கேட்ட கூடுதல் உணவின் நியாயம் சரியவில்லை. வயிறு நிறையாத உடல், கிடைக்கும் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். தசைக்குப் போக வேண்டியது அடுப்புக்குப் போகும். இந்த உண்மை மறுபடி நிரூபிக்கப்பட இன்னும் நூறாண்டு ஆகவேண்டியிருந்தது.

*

கார்னிஷ் குறிப்பிட்ட ‘சோற்றோடு சேர்த்துக்கொள்வது’ இப்பகுதியில் எங்கிருந்து வந்தது? செங்கற்பட்டு ஏரிகளின் மாவட்டம். செம்பரம்பாக்கம் போன்ற பேரேரிகளும் ஊருக்கு ஊர் சிற்றேரிகளுமாக அமைந்த நிலம். ஏரி நிறைந்தால் நெல், வற்றும்போது மீன். கெண்டையும் கெளுத்தியும் விராலும் கடைசி நீரில் அள்ளப்பட்டன. வயல் வரப்பில் நண்டும் நத்தையும் கிடைத்தன. மழைக்குப் பின் ஈசல். இருளர்கள் வயலெலியை வளையிலிருந்து பிடித்தனர். அதோடு எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்குக் கிட்டியது. இவை எதற்கும் காசு தேவைப்படவில்லை.

புன்செயில் கேழ்வரகோடு காராமணியும் துவரையும் கொள்ளும் விளைந்தன. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி ஒருபுறமிருக்க, இளைத்தவர்கள் உண்டதும் அதைத்தான். மாட்டுக்கும் குதிரைக்கும் போட்டது போக எஞ்சியது ஏழையின் குழம்பு. நூறு கிராமில் 22 கிராம் புரதம் கொண்ட தானியம் அது. துவரம்பருப்புக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். கடற்கரையிலிருந்து கருவாடு வந்தது. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் அதற்குத் துணையான கருவாட்டுக் குழம்பும் இம்மக்களின் பழைய உணவுக் கணக்கை இன்றும் நினைவூட்டுகின்றன.

தென்னமெரிக்காவில் தோன்றிய வேர்க்கடலையும் இந்தப் பட்டியலில் வந்து சேர்ந்தது. மணிலாவின் பெயரைத் தாங்கி மணிலாக்கொட்டையாகி, தென்னார்க்காட்டு நாவில் மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது. நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம். விளைந்ததில் பெரும்பங்கு எண்ணெய்ச் செக்குக்குப் போயிற்று, பிண்ணாக்கு மாட்டுக்குப் போயிற்று.

அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். இட்லியும் பொங்கலும் சாம்பார்ச் சோறும் இந்த வேதியியலைச் சொல்லாமல் செய்துகொண்டிருந்தன.

*

உணவைப் பற்றிய ஆய்வு இந்தியாவில் தொடங்கிய இடங்களில் முதன்மையானது நீலகிரியின் குன்னூர். ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அவரது எலிச் சோதனை புகழ்பெற்றது. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், மதராசியர் என ஒவ்வொரு மக்களின் உணவையும் எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் உண்ட சீக்கிய எலி முதலில் வந்தது. மதராஸ் எலி கடைசியில் நின்றது.

இதிலிருந்து அரிசி உண்போர் இயல்பிலேயே வலுவற்றோர் என்ற முடிவுக்குச் செல்வது அன்றைய ஆட்சியாளர்களுக்கு எளிதாயிருந்தது. ஆனால் அந்த எலிக்குப் போடப்பட்டது ஏழை மதராசியின் உணவு என்பதை நாம் மறக்கலாகாது. மிராசுதார் வீட்டு எலிக்கு நெய்யும் தயிரும் பருப்பும் கிடைத்திருந்தால் தராசு வேறு விதமாகச் சாய்ந்திருக்கும். மெக்காரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு இந்த வறுமையை நேராகவே பார்த்தார். தென்னிந்தியக் கிராமங்களில் உணவு ஆய்வுகள் நடத்தப்பட்டன. 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தரும் அட்டவணை வெளியாயிற்று. இன்று பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்ட கணக்குகளின் மூல விதை அது.

விடுதலைக்குப் பிறகு தேடல் வேறு வடிவம் கொண்டது. 1933-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், உடல் வீங்கித் தோல் உரிந்து குழந்தைகள் இறக்கும் நோயொன்றை விவரித்திருந்தார். குவாஷியோர்கர் என்று பெயர் பெற்ற அந்நோய்க்குப் புரதக் குறைவே காரணம் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. ஏழை நாடுகளுக்குத் தேவை புரதம், அதுவும் உடனடியாக, மலிவாக என்ற குரல் எழுந்தது. 1950-இல் மைசூரில் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், வி. சுப்ரமணியனின் தலைமையில் ‘இந்தியப் பல்நோக்கு உணவு’ என்ற மாவை உருவாக்கியது. எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு முக்கால் பங்கு, கடலைப்பருப்பு மாவு கால் பங்கு, அதில் உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்பும். நூறு கிராமில் நாற்பதுக்கு மேல் புரதம். மாட்டுக்குப் போன பிண்ணாக்கை மனிதனுக்குத் திருப்பும் முயற்சி அது என்று சொல்லலாம்.

கணக்கில் குறையில்லை. நிவாரணப் பணிகளிலும் சில உணவுத் திட்டங்களிலும் அம்மாவு பயன்பட்டது. ஆனால் கடைத்தெருவில் நிலைக்கவில்லை. நம் வீடுகளில் உணவு மருந்தாக வருவதை யாரும் விரும்புவதில்லை. 1960-இல் பிரிட்டனில் வேர்க்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் கூட்டமாக மடிந்ததும், அப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டறியப்பட்டதும் கடலை மாவின் மீது ஐயத்தை ஏற்படுத்தின. 1968-இல் ஐக்கிய நாடுகள் சபை வரவிருக்கும் புரத நெருக்கடியைப் பற்றி எச்சரித்தது. மீன்மாவு, பாசி, பெட்ரோலியத்தில் வளர்க்கும் ஈஸ்ட் என்றெல்லாம் ஆய்வுக்கூடங்கள் தேடின.

அப்போது எதிர்க்குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் சேலத்தில் பிறந்த கொளத்தூர் கோபாலன். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து, 1958-இல் அது ஐதராபாத்துக்கு மாறிய பின் அதன் இயக்குநரானவர். குவாஷியோர்கரை நேரில் ஆராய்ந்தவர். இந்தியக் குழந்தையின் உணவில் குறைவது முதன்மையாகப் புரதமன்று, உணவேதான் என்றார். தானியமும் பருப்பும் கலந்த வழக்கமான உணவை அக்குழந்தை வயிறார உண்டால் புரதமும் தானே வந்துவிடும். 1973-இல் வெளியான ஆய்வொன்றில் அவரும் தோழர்களும் ஐதராபாத் ஏழைக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டுமே தரும் எளிய தின்பண்டத்தைக் கொடுத்து வளர்ச்சி கூடுவதைக் காட்டினர். அதே ஆண்டில் சர்வதேச வல்லுநர் குழு புரதத் தேவையின் அளவைக் குறைத்தது. தாளில் எழுதப்பட்டிருந்த பெரும் பற்றாக்குறை தாளிலேயே மறைந்தது. 1974-இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் இந்த அத்தியாயம் முழுவதையுமே மாபெரும் புரதப் படுதோல்வி என்று எழுதினார்.

கார்னிஷ் பாதிச் சரியான விஞ்ஞானத்தைக் கொண்டு கேட்டதையே கோபாலன் முழு விஞ்ஞானத்தோடு கேட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. தட்டு நிறைய வேண்டும், அதில் பருப்பும் இருக்க வேண்டும்.

*

ஆனால் பருப்பு இருந்ததா? கோபாலனின் வாதம் நின்றது தானியமும் பருப்பும் கலந்த தட்டின் மேல். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே தட்டிலிருந்து பருப்பு நழுவத் தொடங்கியிருந்தது. பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் உயர்த்தியது. பாசனமும் உரமும் கொள்முதல் விலையும் அவற்றுக்கே போயின. 1961-இல் இந்தியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 69 கிராம் பருப்பு வகைகள் கிடைத்தன. 2001-இல் அது 30 கிராம். பஞ்சம் ஒழிந்தது பெரிய காரியம். ஆனால் அரிசி மலிந்து பருப்பு அரிதானதால், ஒரு பவுண்டு தானியத்தின் நிழல் வேறு வகையில் திரும்பி வந்தது.

தமிழ்நாடு இதற்குக் கண்ட விடை அரசியல் வழியாக வந்தது. பள்ளி உணவின் வரலாறு 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவர் பி. தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டியிலிருந்து தொடங்குகிறது. ஒரு மாணவருக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது விதி. ஆங்கில அரசு செலவை அனுமதிக்க மறுத்ததால் 1925-இல் அது நின்றது. 1956-இல் காமராசர் மாநிலமெங்கும் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போதும் அது பெரும்பாலும் சோறும் சாம்பாருமே.

முட்டை 1989-இல் நுழைந்தது. மு. கருணாநிதி ஆட்சியில் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை. 1998-இல் வாரம் ஒன்று. 2006-இல் இரண்டு, 2007-இல் மூன்று, 2010-இல் வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் முட்டை. முட்டை உண்ணாதோர்க்கு வாழைப்பழம். பின்வந்த ஜெயலலிதா அரசு அதைக் குறைக்கவில்லை. மசாலா சேர்த்துச் சுவை கூட்டியது. எந்தக் கட்சியும் பின்வாங்க முடியாத இடத்துக்கு முட்டை வந்து சேர்ந்துவிட்டது. பிற மாநிலங்கள் பலவற்றில் பள்ளி முட்டை மதச் சர்ச்சையாகிக் கொண்டிருந்தபோது இங்கே அது தேர்தல் வாக்குறுதிகளின் இயல்பான பகுதியாயிற்று. நாமக்கல் வட்டாரத்தின் கோழிப்பண்ணைகளுக்கு உறுதியான சந்தையும் கிடைத்தது.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். சிறியதுதான். ஆனால் அதன் புரதம் உயர்தரமானது. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. சாம்பாரில் நீர் ஊற்றிப் பருப்பைக் குறைக்கலாம். முட்டையை நீர்க்கச் செய்ய முடியாது. அழுகியதைக் கொடுத்தால் நாறும், கொடுக்காவிட்டால் குழந்தை வீட்டில் சொல்லும். எண்ணிப் பார்க்கக்கூடிய புரதம் அது. ஏழையின் உணவைப் பொறுத்தவரை எண்ணிப் பார்க்க முடிவது சத்துக்கு நிகரான குணம் என்று நாம் கருதுகிறோம்.

2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டம் பருப்பையும் ரேஷன் கடைக்குக் கொண்டுவந்தது. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு. 2015 அக்டோபரில் வெளிச்சந்தையில் துவரை கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது இதன் அருமை தெரிந்தது. ஆயினும் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ என்பது நால்வர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராம் புரதம்கூட ஆகாது.

*

இப்போது தொழிற்பேட்டைக்கு வருவோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தன் ஆலையில் உற்பத்தியைத் தொடங்கி 2014-இல் மூடிச் சென்றது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான். பின்னர் ஃபாக்ஸ்கான் போன்ற மின்னணு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பெண்களைச் சேர்த்தன. வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர் வந்து தங்கினர்.

2010-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பெண் இன்று இருபதை எட்டியவர். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் வாரம் ஐந்து முட்டை அவருடைய உரிமையாக இருந்தது. தொழிற்சாலைக்கு வந்ததும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. ரேஷன் அட்டை ஊரில் குடும்பத்தோடு இருக்கிறது. முப்பது ரூபாய்ப் பருப்பும் அங்கேயே இருக்கிறது. ஆலைக்குள் ஒரு வேளை உணவு கிடைத்தாலும், மற்ற வேளைகள் விடுதிச் சமையலை நம்பியவை. அங்கே கரண்டி ஒப்பந்ததாரர் கையில்.

2021 டிசம்பர் நடுவில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, நெடுஞ்சாலை மறியலில் முடிந்தது. 17,000 பேர் வேலை செய்த ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. நெரிசலான அறைகளும் தண்ணீர் இல்லாத கழிப்பறைகளும் அப்போதுதான் உலகுக்குத் தெரியவந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டதற்கு அந்த மறியலும் ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு.

அந்தப் பெண்ணின் தேவையை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். 300 கிராம் அரிசியில் 22 கிராம் வந்துவிடும். 60 கிராம் பருப்பில் 13. ஒரு முட்டையில் 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 6. கணக்கு முடிந்தது. அரிசி நீங்கலாக இவற்றின் விலை இன்றைய கடைத்தெருவில் இருபது ரூபாயை ஒட்டியே இருக்கும். கருவாடோ கொண்டைக்கடலைச் சுண்டலோ சேர்ந்தால் இன்னும் நன்று. மீல்மேக்கர் என்று நாம் அழைக்கும் சோயா உருண்டையும் இன்று விடுதிச் சமையலறைகளில் இடம்பிடித்துவிட்டது. எண்ணெய் எடுத்த சக்கையை மனிதருக்கு உணவாக்கும் மைசூர்க் கனவு வேறொரு பயிரின் வழியே, மாவாக அல்லாமல் குழம்பில் போடும் துண்டாக நிறைவேறியது எனலாம்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை என்பதே இந்த வரலாறு நமக்குச் சொல்வது. மலிவான புரதம் எது என்பதற்கு விடை ஏரியிலும் புன்செயிலும் பானையிலும் எப்போதும் இருந்தது. ஏரிகள் தொழிற்பேட்டையின் ஓரங்களாகிவிட்ட பிறகு, நண்டையும் நத்தையையும் போல அது இலவசமாக வாய்க்காது. யாரோ ஒருவர் அதற்கான காசைத் தர வேண்டும். தந்தது தட்டில் விழுந்ததா என்று இன்னொருவர் எண்ண வேண்டும். பள்ளியில் இவ்விரண்டையும் அரசு ஏற்றுக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் பிரிவு, தட்டில் எத்தனை கிராம் பருப்பு என்று சொல்லவில்லை.

டெம்பிளும் கார்னிஷும் வாதிட்டது அந்தக் கிராம் கணக்கைப் பற்றித்தான். எழுத்தில், எண்களோடு, பொறுப்பேற்று வாதிட்டனர். ஒரு பவுண்டு என்று எழுதியவரை எதிர்த்து ஒன்றரைப் பவுண்டு என்று எழுத அன்று ஓர் அதிகாரி இருந்தார். இன்றைய விடுதித் தட்டுக்கும் அப்படியொரு எண்ணை யாராவது எழுதிவைக்க வேண்டும். நாளுக்கு ஒரு முட்டை, 60 கிராம் பருப்பு என்று தொடங்கலாம். பள்ளியில் முட்டையை எண்ணி வாங்கிப் பழகிய பெண்களுக்கு இதையும் எண்ணிப் பார்க்கத் தெரியும்.